அழகு, எழில், வனப்பு, கவின்: எதை எங்கே எழுதுவது?

ஒளிப்படங்களுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் ‘அழகு’ என்ற ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது என்றும், எழில், வனப்பு, கவின் என்று இத்தனை சொற்கள் இருக்கையில் அவற்றுக்குள் என்ன வேறுபாடு, எதை எந்தப் படத்துக்கு எழுதலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ‘அழகான’, ‘அழகிய’ ஆகிய இரண்டில் எது சரி என்ற ஐயமும் கூடவே இருக்கிறது. ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது: எந்தச் சொல்லைப் போட்டாலும் படத்தில் கண்டது குறிப்பில் வரவில்லை என்கிறீர்கள். ஆக, உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று சொற்களின் பொருள் பற்றியது. அதற்கு நூல்களில் ஓரளவு விடை இருக்கிறது. மற்றது, கண்ட அழகைச் சொல்லில் எப்படிப் பிடிப்பது என்பது. அங்கே அழகைக் குறிக்கும் சொற்களே பெரிதாக உதவுவதில்லை என்பது என் அனுபவம்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். பிழைப்பாக அமைந்தது, ஓவியக் கண்காட்சிகளுக்கும் ஒளிப்படத் தொகுப்புகளுக்கும் குறிப்பு எழுதுவதும் பிறர் எழுதிய குறிப்புகளைத் திருத்துவதும். 20 ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்துவந்தாலும் நான் ஓவியன் அல்லன், படம் எடுப்பவனும் அல்லன். வண்ணம் ஏன் கண்ணுக்கு இனிக்கிறது, ஒரு முகம் ஏன் எல்லாருக்கும் பிடிக்கிறது என்பவையெல்லாம் வேறு துறையினர் சொல்ல வேண்டியவை. நான் சொற்களோடு நின்றுகொள்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியத்தில் அரிய சொற்களுக்குப் பொருள் கூறும் உரியியலில் ‘யாணுக் கவினாம்’ என்று ஒரு சிறு நூற்பா உண்டு. யாணு என்ற சொல்லுக்குக் கவின் என்று பொருள் என்பதே அதன் செய்தி. அதே இயலின் தொடக்கத்தில், ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா’ என்றும் சொல்லிவிடுகிறார் தொல்காப்பியர். எல்லாருக்கும் விளங்கும் சொற்களுக்கு நான் பொருள் கூறப்போவதில்லை, விளங்காதவற்றுக்கு மட்டுமே கூறுவேன் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கவின் என்பது யாருக்கும் விளக்கத் தேவையில்லாத, வாயில் புழங்கிய சொல்லாக இருந்திருக்கிறது. இன்னொரு கடினச் சொல்லை விளக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று யாணு மறைந்தே போயிற்று. கவினுக்கு நாம் ‘அழகு’ என்று பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல்லின் பொருளை விட அதன் உயரம்தான் மாறியிருக்கிறது. அன்று தரையில் நின்ற சொல் இன்று மேடையில் நிற்கிறது. எனவே ஒரு தெருநாயின் படத்துக்குக் கீழே ‘கவின்’ என்று எழுதினால் படிப்பவர் நாயைப் பார்ப்பதற்கு முன் சொல்லைப் பார்ப்பார்.

பழைய பாடல்களில் கவின் வருமிடங்களைத் தேடிப் படித்தால் இன்னொன்றும் புலப்படும். அது பல இடங்களில் இழக்கப்படும் பொருளாக வருகிறது. ‘தொல்கவின் வாடிய தோள்’ என்ற தொடர் குறள் 1234, 1235 இரண்டிலும் இருக்கிறது. குறுந்தொகை 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார், கன்றும் குடிக்காமல் கலத்திலும் கறக்கப்படாமல் மண்ணில் சிந்தும் பாலைப் போல, தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் தன் ‘மாமைக் கவினை’ப் பசலை, அதாவது பிரிவால் மேனியில் படரும் வெளிறிய நிறம், தின்னப் பார்க்கிறது என்கிறார். மாமை என்பது மேனியின் மாந்தளிர் போன்ற நிறம். உடலில் ஊறியிருந்து, கவலையில் வற்றிவிடக்கூடிய ஒன்றாகவே கவின் அங்கே நிற்கிறது. இதை வைத்துக் ‘கவின் என்றால் வாடக்கூடிய அழகு’ என்று இலக்கணம் வகுத்துவிட வேண்டாம். அது அந்தச் சொல்லுக்கு வாய்த்த சூழல், அவ்வளவே.

வனப்பைப் பற்றியும் சிலவற்றை உறுதியாகச் சொல்லலாம். தொல்காப்பியச் செய்யுளியல், அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்ற எட்டையும் வனப்பு என்ற பெயரில் அடக்குகிறது. அதாவது அழகு என்பதே அங்கே வனப்பின் எட்டு வகைகளில் ஒன்று. பல உறுப்புகள் திரண்ட இடத்தில் தோன்றும் அழகுதான் வனப்பு என்பது உரைமரபு தரும் விளக்கம். இது செய்யுளுக்குச் சொன்னது என்றாலும் உங்களுக்குப் பயன்படும்: தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமில்லாத பல பொருள்கள் ஒரு சட்டத்துக்குள் சேர்ந்து ஏதோ செய்கிற படத்துக்கு வனப்பு பொருந்தும். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் என்னும் மலைவாழ் தெய்வப் பெண்களைப் பற்றிக் ‘கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பு’ என்று வருகிறது. கையால் ஒப்பனை செய்து உண்டாக்காத கவினைப் பெற்ற வனப்பு. இரண்டு சொற்களும் ஒரே தொடரில் வந்து, ஒன்று மற்றதன் பகுதியாக நிற்பது இரண்டும் முழுக்க ஒன்றல்ல என்பதற்கு நல்ல சான்று.

எழிலில் இருந்து ஐயம் தொடங்குகிறது. எழு என்ற வினையோடு அதை இணைத்து, மேலும் மேலும் எழுந்து வளர்வது போலத் தோன்றும் அழகு என்று சொல்லும் வழக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, இருக்கவும் கூடும். ஆனால் 407ஆம் குறள், நுட்பமான அறிவில்லாதவனின் ‘எழில்நலம்’ மண்ணால் செய்து அழகுபடுத்திய பாவையின் அழகைப் போன்றது என்கிறது. அங்கே எழில் வளரவும் இல்லை, எழவும் இல்லை. வெறும் மேல்தோற்றமாகவே இருக்கிறது. ‘இயற்கை எழில்’ என்று நாம் இன்று மலைக்கும் அருவிக்கும் அதை ஒதுக்கிவைத்திருப்பதும் அண்மைக்கால எழுத்துப் பழக்கம்தான். வனப்பை வனம் என்ற சொல்லோடு முடிச்சுப்போட்டுக் காட்டின் அழகு என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஒலியை மட்டும் பார்த்துச் சொல்வது. வனைதல் என்ற வினையோடு இணைப்பதில் சற்றே நியாயம் உண்டு. பொதுவாக, வேரிலிருந்து இன்றைய பொருளைக் கறந்துவிட முடியும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

இந்த வேறுபாடுகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நாலடியார் 131ஆம் பாடல், குஞ்சி அழகு (தலைமயிரின் அழகு), ஆடையின் கோட்டழகு (கரையின் அழகு), மஞ்சள் அழகு எதுவும் அழகல்ல, ‘கல்வி அழகே அழகு’ என்று முடிகிறது. ஏலாதி, இடைவனப்பு, தோள்வனப்பு, நடைவனப்பு என்று அடுக்கி, ‘எண்ணோடு எழுத்தின் வனப்பே வனப்பு’ என்று முடிக்கிறது. சிறுபஞ்சமூலமும் மயிர்வனப்பில் தொடங்கிச் ‘சொல்லின் வனப்பே வனப்பு’ என்கிறது. கருத்து ஏறக்குறைய ஒன்றே, கட்டமைப்பும் ஒன்றே. ஒருவர் அழகு என்ற இடத்தில் மற்ற இருவரும் வனப்பு என்கிறார்கள். ஒரு தலைமுடியைப் பற்றிப் பேசும்போது அதில் பல உறுப்புகள் திரண்ட வனப்பைத் தேட முடியாது. ஆக, உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையான விடை இது: இச்சொற்களுக்கு இடையே சாயல் வேறுபாடு உண்டு; சில இடங்களில் அது தெளிவாகத் தெரிகிறது; பல இடங்களில் புலவர்களே அதைப் பொருட்படுத்தவில்லை.

சாயல் என்று சொன்னேன். அதுவும் ஒரு காலத்தில் இந்த வரிசையில் இருந்த சொல்தான். ‘சாயல் மென்மை’ என்கிறது உரியியல். புறநானூறு 105இல் பாரியை ‘நீரினும் இனிய சாயல்’ உடையவன் என்கிறார் கபிலர். ஓர் ஆணின் மென்மையைத் தண்ணீரோடு ஒப்பிட்டுச் சொல்ல அன்று ஒரு சொல் இருந்தது. இன்று சாயல் என்றால் ‘அப்பா சாயல்’தான். இழந்த சொற்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது.

இனி, பேச்சுத் தமிழுக்கு வருவோம், ஏனெனில் நுட்பம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது. ‘லட்சணமான முகம்தான், இன்றைக்கு ஏனோ களையே இல்லை’ என்று யாராவது சொன்னால் நமக்கு முரணாகத் தோன்றுவதில்லை. லட்சணம் என்பது வடமொழியில் அடையாளம், குறி. முகத்தின் அமைப்பு அளவோடு இருப்பதைச் சொல்கிறோம், ‘மூக்கும் முழியுமாக’ என்பதைப் போல. அது தூக்கமில்லாத இரவில் போய்விடாது. களை அப்படியல்ல. அது முகத்தில் வந்து போகும் வெளிச்சம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல இலக்கியச் சொற்களில் இவ்வளவு கூர்மையான இணை எனக்கு அகப்பட்டதில்லை. உருவப்படம் எடுக்கும் எவரும், அமைப்பு நன்றாக இருந்தும் களை இல்லாமல் போன படத்தை அறிவார்.

இன்னொரு இணை, எடுப்பும் பாந்தமும். பின்னால் இருப்பதிலிருந்து பிரிந்து முன்னே வந்து நின்றால் எடுப்பாக இருக்கிறது என்போம். சுற்றியிருப்பதோடு உறுத்தாமல் பொருந்தி உட்கார்ந்தால் பாந்தமாக இருக்கிறது என்போம். சாம்பல் சுவருக்கு முன் ஒரு சிவப்புக் குடை எடுப்பு. அதே சுவருக்கு முன் வெளிறிய நீலச் சட்டை பாந்தம். இரண்டும் அழகுதான், ஆனால் நேர் எதிரான வழிகளில். ‘அழகான வண்ணம்’ என்று எழுதும்போது இந்த எதிர்நிலை முழுவதும் காணாமல் போய்விடுகிறது. கச்சிதம், நேர்த்தி, நளினம், மிடுக்கு ஆகியவற்றையும் இப்படியே உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம், நீங்களே செய்வீர்கள்.

இலங்கைத் தமிழில் அழகு என்பதற்கு அன்றாடச் சொல் ‘வடிவு’. ‘வடிவாய் இருக்கு’ என்றால் அழகாக இருக்கிறது; ‘வடிவாய்ப் பார்’ என்றால் சரியாக, நன்றாகப் பார். உருவத்தைக் குறிக்கும் சொல்லே அழகையும், அதற்கும் மேலே சென்று செம்மையையும் குறிக்கிறது. இது நமக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் ஃபோர்மா என்றால் வடிவம், ஃபோர்மோசுஸ் என்றால் அழகியது. அதுபோலவே அணி என்ற நம் சொல் வரிசையையும் குறிக்கும், நகையையும் குறிக்கும், அழகையும் குறிக்கும். கிரேக்கத்தின் கோஸ்மோஸ் என்ற சொல்லும் ஒழுங்கையும் ஒப்பனையையும் ஒருசேரக் குறித்தது. தொடர்பில்லாத மொழிகள் அழகுக்குப் பெயர் தேடிப் போகும்போது வடிவத்துக்கும் ஒழுங்குக்குமே போய்ச் சேர்ந்திருக்கின்றன. பொலிவு, சோபை, களை என்று ஒளியின் பக்கம் போனவையும் உண்டு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் இரண்டாம் கேள்விக்கான வழி இதற்குள்தான் இருக்கிறது. அழகு என்பது தீர்ப்பு, வருணனை அன்று. எழில், வனப்பு, கவின் மூன்றும் அதே தீர்ப்பை வேறு குரலில் சொல்பவை. தீர்ப்பை நான்கு குரலில் படித்தாலும் வழக்கில் என்ன நடந்தது என்பது கேட்பவருக்குத் தெரியாது. மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் 1938இல் கேம்பிரிட்ஜில் அழகியல் பற்றி ஆற்றிய உரைகளில் இதைத் தொட்டிருக்கிறார். கலையை உண்மையாக எடைபோடும் இடத்தில் ‘அழகு’ போன்ற சொற்களுக்கு அநேகமாக வேலையே இல்லை, ‘சரி’, ‘பொருத்தம்’ போன்றவையே புழங்குகின்றன என்றார். தையல்காரர் கோட்டின் நீளத்தைப் பார்ப்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நம் பாந்தமும் கச்சிதமும் அந்தத் தையல்காரரின் சொற்கள்தான். இன்னொரு பக்கம், பிராங்க் சிப்லி என்ற பிரித்தானிய மெய்யியலாளர் 1959இல் வெளிவந்த கட்டுரையில், நளினம் போன்ற சொற்களை எந்த அளவுகோலாலும் நிறுவ முடியாது என்று வாதிட்டார். கோடு மெல்லியது, வளைந்தது, வெளிறியது என்று எத்தனை சொன்னாலும் ‘ஆகவே இது நளினமானது’ என்ற முடிவு தானாக வந்துவிடாது. பார்ப்பவர் கண்டாக வேண்டும். சிப்லி சொன்னது சரியா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குறிப்பு எழுதுபவருக்கு அது ஒரு நல்ல வேலைப்பிரிவினையைத் தருகிறது: நீங்கள் கோட்டையும் வளைவையும் காட்டுங்கள், நளினத்தைப் படிப்பவர் கண்டுகொள்ளட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகுப்புக்காக என்னிடம் வந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைச் சொல்கிறேன். சன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் குவளை, பாதிக்கு மேல் தண்ணீர், பக்கவாட்டில் சாய்ந்த வெயில். எடுத்தவர் எழுதியிருந்த குறிப்பு: ‘எளிமையின் எழில் கொஞ்சும் அழகிய காட்சி.’ திருத்த உட்கார்ந்த நானும் முதலில் செய்தது தவறுதான்; எழிலை எடுத்துவிட்டு வனப்பைப் போட்டுப் பார்த்தேன், பிறகு இரண்டையும் எடுத்துவிட்டு ‘கவின்மிகு எளிமை’ என்று எழுதி, எனக்கே கூச்சமாகி அடித்துவிட்டேன். பின்பு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். அப்போது குவளை குவளையாகத் தெரியாமல், கறுப்பும் வெளுப்புமாக மட்டும் தெரிந்தது. படத்திலேயே மிக வெளிச்சமான இடம் குவளையில் இல்லை. குவளையின் நிழல் விழுந்த இடத்தில், அந்த நிழலுக்கு நடுவே, வில்லைப் போல வளைந்து ஒரு முனையில் ஊசியாக முடிந்த ஒரு கீற்று இருந்தது. தண்ணீர் லென்சைப் போல வெயிலைக் குவித்து அங்கே போட்டிருந்தது. ‘சன்னல் விளிம்பில் குவளை, அதன் நிழலுக்குள் தண்ணீர் குவித்த வெயில்’ என்று மாற்றி அனுப்பினேன். எடுத்தவருக்கு அது பிடிக்கவில்லை. பாராட்டே இல்லாத குறிப்பாக இருக்கிறதே என்றார். தொகுப்பில் என் வரி வந்தது. பிறகு அவர் தனியாக வைத்த கண்காட்சியில் எழில் மறுபடி கொஞ்சத் தொடங்கிவிட்டது. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். தன் வியப்பைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை படம் எடுத்தவருக்கு இருக்கிறதுதானே.

இப்படிக் காட்டுவதற்குத் தமிழில் நல்ல கருவி, எழுத்துத் தமிழ் சற்று ஏளனமாகப் பார்க்கும் இரட்டைக்கிளவி, பளபள, தகதக போன்றவை. இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியரே அதற்கு விதி சொல்லியிருக்கிறார். ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பளபள என்றால் தேய்த்து மெருகேற்றிய பரப்பு. வெளிச்சம் வேறெங்கிருந்தோ வந்து அதில் பட்டுத் திரும்புகிறது. மினுமினு என்றால் அதைவிடச் சிறியது, மெல்லியது, எண்ணெய் பூசிய தோலைப் போல. தகதக என்றால் பொன்னோ நெருப்போ. வெளிச்சம் உள்ளிருந்தே வருவது போன்ற சூடு அதில் உண்டு. இவற்றை இடம் மாற்றிப் போட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வனப்பையும் எழிலையும் இடம் மாற்றிப் போட்டால் பேராசிரியரும் தயங்குவார். நிறத்திலும் இப்படித்தான்: பச்சைப்பசேல் என்பது பரப்பைச் சொல்கிறது, கண்ணுக்கு எட்டியவரை பச்சை, ஒற்றை இலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தவிர்க்கச் சொல்வது என்றால் ஒன்றே ஒன்றைச் சொல்வேன். கண்ணைப் பறிக்கும், மனத்தைக் கொள்ளைகொள்ளும், உள்ளத்தை அள்ளும், கொள்ளை அழகு என்று, அழகைத் திருட்டாகவே பேசும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ‘உள்ளம் கவர் கள்வன்’ என்று சம்பந்தர் பாடியபோது அதில் கள்வனும் இருந்தான், களவும் இருந்தது, பறிகொடுத்தவரும் இருந்தார். இன்று ஒரு சுவர்க்கடிகாரத்தின் படத்துக்குக் கீழே ‘மனத்தைக் கொள்ளைகொள்ளும்’ என்று எழுதும்போது யார் எதைப் பறிகொடுத்தார் என்று எழுதியவருக்கே தெரியாது. அழகு என்ற சொல்லை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. காட்ட வேண்டியதைக் காட்டிய பிறகு, ஒரு தொகுப்பில் ஓரிரு இடத்தில், அடைமொழி எதுவும் இல்லாமல் ‘அழகு’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள். அது எழிலையும் வனப்பையும் விடக் கனமாக விழும்.

கடைசியாக, அழகான, அழகிய இரண்டும் சரியே. முன்னது ‘ஆன’ சேர்ந்து வந்தது, பின்னது குறிப்புப் பெயரெச்சம், அதாவது காலம் காட்டாமல் பண்பை மட்டும் உணர்த்திப் பெயரோடு சேர்வது. பேச்சில் யாரும் ‘அழகிய குழந்தை’ என்று சொல்வதில்லை. எழுத்தில் இரண்டும் வரும், அழகிய சற்றே உயர்ந்த குரலில் ஒலிக்கும். நீங்கள் அனுப்பிய குறிப்புகளின் நடை பேசுவது போலவே இருப்பதால் உங்களுக்கு ‘அழகான’ பொருந்தும்.